மைனஸ் மூன்று தசம் நான்கு

கமீலாவின் முதுகெலும்புக்குப் பன்னிரண்டாயிரத்து ஐநூறு ரூபாய் என்றார்கள்.

"கடைசி வெல?" என்று கேட்டார் அவளுடைய புருஷன் மஸாஹிர்.

கொழும்பில் அந்த ஸ்கேன் நிலையம் கண்ணாடிக் கதவும் குளிர்காற்றும் பிளாஸ்டிக் பூச்சாடியும் உள்ள இடம். கவுண்டரில் இருந்த பெண்பிள்ளையிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள். காது கோளாறோ என்று நிமிர்ந்து பார்த்தாள்.

"அதான் சேர் விலை. முள்ளந்தண்டும் இடுப்பும் ரெண்டும் சேர்த்து."

"இடுப்பில இவக்கு ஒரு கொறையும் இல்ல மகள். மூணு பெத்த இடுப்பு. முதுக மட்டும் எடுத்தா எவ்வளவு வரும்?"

பிள்ளை உள்ளே போய் யாரையோ கேட்டுக்கொண்டு வந்தாள். "முதுகு மட்டும் எண்டா எட்டாயிரம்."

"ஏழர போடுங்க."

"சேர், இது ஆஸ்பத்திரி."

"சரி, எட்டு. ரிப்போட்ட நல்ல கவர் ஒண்டில போட்டுத் தாங்க. மடிக்காம."

கதிரையின் நுனியில், சாய்ந்தால் வலிக்கும் என்று சாயாமல் உட்கார்ந்திருந்த கமீலாவிடம் வந்து, "நாலாயிரத்தி ஐநூறு மிச்சம்" என்றார். கட்டாரில் இருக்கும் மகன் அஸ்ஜத் உம்மாவுக்கென்று அனுப்பிய காசு அது. ஆனால் சொன்ன விலைக்கு ஒரு சாமானை வாங்குவது மஸாஹிர் வளர்ந்த வீட்டில் மரியாதைக் குறைவான காரியம். அவருடைய வாப்பா மன்னாரில் புடவைக் கடை வைத்திருந்தவர்; சொந்தத் தம்பி இறந்தபோது மையித்தைப் போர்த்தக் கபன் துணி வாங்கப் போன இடத்திலும் முழத்துக்கு ஐம்பது சதம் குறைத்துக்கொண்டு வந்தார். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்த அன்று, வள்ளத்துக்காரனிடம் ஆளுக்குப் பத்து ரூபாய் குறைக்கும்வரை கிழவர் தண்ணீரில் கால் வைக்கவில்லை. அழுதுகொண்டிருந்த பெண்களும் அந்தப் பேரம் முடியும்வரை அழுகையை நிறுத்தி வைத்திருந்தார்களாம்.

அந்த வாப்பாவின் மகன்தான் இப்போது குறிஞ்சிப்பிட்டிக் கரையில் கருவாட்டு வாடி போட்டிருக்கும் மஸாஹிர் மொதலாளி. தென்னந்தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில், நாலு சீமெந்துத் தொட்டி, மணல் முழுக்கக் காயப்போடும் தட்டிகள். வள்ளங்கள் விடியக் கரைக்கு வரும். கட்டாவும் சூரையும் கூடையில் வந்து இறங்கும். பெண்கள் குந்தியிருந்து மீனைக் கீறிக் குடல் எடுத்துக் கடல் தண்ணீரில் அலசுவார்கள். அதற்குப் பிறகு தொட்டி. ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு புத்தளத்து உப்பு, மறுபடி மீன், மறுபடி உப்பு. ஒரு நாள் ஊறியதும் எடுத்துக் கூடையில் அள்ளித் தட்டிகளுக்குச் சுமந்துபோய்ப் பரப்ப வேண்டும்.

இதில் தொட்டி வேலை கமீலாவுடையது. இருபத்திரண்டு வருஷமாக அவளுடையது. தொட்டிச் சுவர் அவள் இடுப்புக்கு வரும். சுவரில் வயிற்றைக் கொடுத்து, தலை உள்ளே, கால் வெளியே என்று மடிந்து, அடியில் கிடக்கும் மீனை எடுக்க வேண்டும். உப்பு கூடினால் கருவாடு கல்லாகும், குறைந்தால் புழு விழும். அந்தக் கணக்கு கமீலாவின் கைக்குத் தெரியும் என்று மஸாஹிர் கொழும்புக் கடைக்காரர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். அந்தக் கைக்குக் கூலி கிடையாது என்பதைச் சொல்வதில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு முதுகு உளைய ஆரம்பித்தது. எண்ணெய் தேய்த்தார்கள். பிளாஸ்டர் ஒட்டினார்கள். பள்ளிவாசல் லெப்பை ஓதிக் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். பார்மசியில் மஸாஹிர் அரைக் கார்ட் குளிசை வாங்கிக் கொடுத்தார். முழுக் கார்ட் வாங்கினால் வருத்தம் நீளும் என்பது அவர் கொள்கை. ஆறு மாதம் கழித்துத்தான் புத்தளம் கிளினிக்குக்குப் போனார்கள். டொக்டர் முஃபீதா சின்ன வயசுக்காரி. கமீலாவின் முதுகில் ஒரே ஒரு விரலை வைத்து மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் கமீலா, ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டாள்.

"எலும்பு மெலிஞ்சு போற வருத்தமா இரிக்கலாம்," என்றாள் டொக்டர். "பொம்புளைகளுக்கு மாசத்தீட்டு நிண்ட பொறகு வாறது. உள்ளுக்கு எலும்பு பாண் மாதிரி ஓட்ட ஓட்டயா போயிரும். இந்த ஸ்கேன எடுத்துக்கொண்டு ரெண்டு கிழமையில வாங்க. அதுவரைக்கும் இவங்கள ஒரு வாளித் தண்ணி கூடத் தூக்க விடாதீங்க. ஒடஞ்சிச்செண்டா பொறகு நிமிர ஏலாமப் போகும். விளங்கிச்சா?"

"விளங்கிச்சி," என்றார் மஸாஹிர். அவருக்கு விளங்கியது வேறு. ஜனவரி மாதம். காற்று நல்ல காற்று, வெயில் நல்ல வெயில், சித்திரை வருஷப்பிறப்புக்குக் கொழும்புக் கடைகள் இப்போதே ஓடர் கொடுத்தாயிற்று. இந்த நேரத்தில் தொட்டிக்கு இன்னொரு பெண்ணைப் பிடிக்க வேண்டும். பிடித்தாலும் உப்புக் கை வர ஒரு சீசன் ஆகும். கமீலாவின் முதுகு வேறு மாதத்தில் உளைந்திருக்கலாம்.

*

ரிப்போர்ட்டை அவர் வாடியில் வைத்துத்தான் பிரித்தார். காலை பத்து மணி, பிளேன்டீ நேரம். ஊரில் எந்தக் கடுதாசி வந்தாலும் மஸாஹிரிடம் வந்துவிட்டுத்தான் போகும். காணி உறுதி, லைட் பில், கட்டார் கொம்பனி எக்ரிமன்ட், எல்லாவற்றையும் வாசித்து அர்த்தம் சொல்வார். இங்கிலீசைப் பள்ளிக்கூடத்தில் படித்தவரல்ல. பெட்டியில் ஒட்டிய துண்டிலும் வேன் எஞ்சின் புத்தகத்திலும் படித்தவர். அதனால் அவருக்குச் சந்தேகமே வருவதில்லை.

மீன் கீறிக்கொண்டிருந்த ஹஃபீலா கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கிட்ட வந்தாள். முப்பத்தைந்து வயசு, கைம்பெண், வாயால் மீன் கீறக்கூடியவள். கருவாடு ஏற்ற வந்திருந்த உடப்பு ஊர் லொறிக்காரன் கதிரவேலு உப்புச் சாக்கில் குந்தினான். கமீலா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தூரத்தில் நின்றாள்.

"லம்பர் ஸ்பைன்," என்று வாசித்தார் மஸாஹிர். "லம்பர் எண்டா நம்பர். எலும்புக்கெல்லாம் நம்பர் போட்டிரிக்கானுகள். எல் ஒண்டு, எல் ரெண்டு, எல் மூணு, எல் நாலு. நம்மட தட்டிக்குப் போட்ட மாதிரி."

"எனக்கும் நம்பர் இரிக்குமா நானா?" என்றாள் ஹஃபீலா.

"ஒனக்கு வாய்க்குத்தான் நம்பர் போடணும். பல்லுக்கு ஒண்டு." அவர் விரல் கீழே இறங்கியது. "டீ ஸ்கோர். டீ எண்டா டெஸ்ட். டெஸ்ட் ஸ்கோர். விளங்குதா? மைனஸ் மூணு தசம் நாலு."

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! மைனஸ்!"

"மைனஸ் நல்லமா?" என்றாள் கமீலா.

"நல்லமாவா? என்ட சிறுநீர் ரிப்போட்ட நீ காணல்லயா? சுகர், பக்கத்தில பிளஸ் பிளஸ் பிளஸ். மூணு பிளஸ் விழுந்ததுக்கு டொக்டர் என்ன ஏசினாரு. அல்புமின், பக்கத்தில மைனஸ். அதப் பாத்து என்ன சென்னாரு? அது இல்ல, பயப்பட வேணாம் எண்டாரு. கொரோனா காலத்தில பதினாலு நாள் என்னப் பூட்டி வச்சானுகள். நெகடிவ் எண்டு வந்தாப் பொறகுதானே தொறந்து உட்டானுகள்? நெகடிவ் எண்டாலும் மைனஸ் எண்டாலும் ஒண்டுதான். பிளஸ் விழுந்தா வருத்தம். மைனஸ் விழுந்தா வருத்தம் இல்ல. ஒனக்கு ஒரு மைனஸ் இல்ல புள்ள, மூணர மைனஸ்."

வாடியில் எல்லாருக்கும் அது சரியாகவே பட்டது. சுகரில் பிளஸ் விழுந்து கால் விரல் எடுத்தவர்கள் அந்த ஊரில் ஏழு பேர்.

கதிரவேலு மட்டும் தலையைச் சொறிந்தான். "மொதலாளி, ஸ்கோர் எண்டு செல்றீங்க. ஸ்கோர்ல மைனஸ் வருமா? மெச்சில மைனஸ் ஓட்டம் எடுத்தவன நான் கண்டதில்ல."

"அதத்தான் நானும் செல்றன். ஓட்டமே இல்ல. வருத்தம் கிறவுண்டுக்கே வரல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். கதிரவேலுவும் சிரித்தான். ஆனால் ஹஃபீலா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. படம் பார்க்கத் தெரியும்.

"இதென்ன நானா கீழ பெருசா எழுதியிரிக்கி?"

"ஒஸ்டியோ... பொரோசிஸ்." எழுத்துக்கூட்டி முடித்தார். "அது டெஸ்டுட பேரு. 'சுகர்' எண்டு போட்டிருந்தா சீனி இரிக்கெண்டா அர்த்தம்? பக்கத்தில என்ன விழுந்திரிக்கெண்டு பாக்கணும்."

"அப்ப இந்தப் படம்? பச்ச, மஞ்ச, செகப்பு எண்டு வரி வரியா இரிக்கி. பொட்டு ஒண்டு வச்சிரிக்காங்க. கமீலா லாத்தாட பொட்டு செகப்பிலல்லவா கெடக்கு? அதுவும் அடியில?"

மஸாஹிர் பார்த்தார். உண்மைதான். பச்சைப் பட்டை மேலே இருந்தது. மஞ்சள் நடுவில். சிவப்பு கீழே. சிவப்பின் அடியில், கோட்டுக்குச் சற்று மேலே, ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி தொட்டிக்குள் விழுந்த உப்புக்கல் மாதிரி தனியாகக் கிடந்தது.

முப்பது வருஷம் வியாபாரம் செய்தவருக்கு, சிவப்பில் கிடக்கும் மைனஸ் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவருடைய கணக்குக் கொப்பியிலேயே நட்டம் எழுதுகிற பக்கம் சிவப்புப் பேனைதான். தட்டிகளைப் பார்த்தார். பாதிதான் நிரம்பியிருந்தது. தொட்டி நான்கும் நிரம்பியிருந்தது. லொறி நின்றது.

"அது மெசினுட மை," என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினார். "கலர் பிரின்டர் எல்லாம் இப்பிடித்தான்."

கமீலா கேட்டாள்: "அப்ப எனக்கு ஏன் உளையுது?"

"உளைவு மெசினுக்குத் தெரியல்ல. எட்டாயிரத்துக்குப் பாத்த மெசின். மெசினுக்குத் தெரியாத உளைவு மனசில தான் இரிக்கி." ரிப்போர்ட்டைக் கவருக்குள் போட்டார். "பிளேன்டீய குடிச்சிட்டு மூணாவது தொட்டிய எடு. வெயில் ஏறுது."

அவள் குடித்தாள். கோப்பையை மணலில் வைக்கக் குனியவில்லை; முழங்காலை மடித்து, நெட்டாக இறங்கி வைத்துவிட்டு, தொட்டிச் சுவரைப் பிடித்து எழுந்தாள். மஸாஹிர் அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரியும் இருந்தார்.

*

அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் மைனஸ் லாத்தா. பெயர் வைத்தது மஸாஹிர், பரப்பியது ஹஃபீலா. "மைனஸ் லாத்தா, இந்தக் கூடைய ஒரு கை புடிங்களே." "மைனஸுக்கு இண்டைக்கு என்ன நோவு, மேலயா கீழயா?" முதலில் கமீலாவும் சிரித்தாள். வருத்தக்காரியாக இருந்தபோது அவளிடம் எல்லாரும் கொஞ்சம் மெதுவாகப் பேசினார்கள். வருத்தம் இல்லை என்று கடுதாசி வந்த பிறகு அந்த மெதுவும் போயிற்று. இப்போது முனகினால் நடிப்பு. நின்றால் சோம்பல். ஹஃபீலாவே சில வேளை, மொதலாளி பெண்சாதியின் முதுகு மெசினைவிடக் கெட்டிக்கார முதுகு என்று மற்றவர்களுக்குக் கண் காட்டுவாள்.

கமீலா ஒரு வழி கண்டுபிடித்தாள். தும்மல் வந்தால் தொட்டிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு தும்முவாள். கூடையைத் தூக்குமுன் "பிஸ்மில்லாஹ்" சொல்லி மூச்சை உள்ளே இழுத்து, தட்டிக்குப் போகும்வரை விடமாட்டாள். பதினெட்டுக் காலடி. அந்தக் காலடிகளை அவள் எண்ணுவது உதட்டில் தெரியும். பழைய சால்வை ஒன்றை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். மஸாஹிர் அதையும் பார்த்து, "மல்யுத்தமா?" என்றார்.

வீட்டில் அவள் சமையலில் குறை வைக்கவில்லை. சோறு, கீரை, தேங்காய்ப்பால் விட்ட கட்டா ஆணம், பொரித்த கருவாடு. ஆனால் பானையை அடுப்பிலிருந்து இறக்க அவரைக் கூப்பிட ஆரம்பித்தாள். இறக்கிக் கொடுத்தார். அது ஒரு நாள் உதவி, இரண்டாம் நாள் பகிடி, மூன்றாம் நாள் தொல்லை.

கிளினிக் நாளுக்கு முதல் நாள் சாப்பாட்டில் அவள் பேச்சை எடுத்தாள்.

"இஞ்சருங்க. நாளைக்கித்தான் டொக்டர் வரச் சென்ன நாள்."

"நெகடிவ் ஆளுக்கு என்ன கிளினிக்?"

"ரிப்போட்டக் காட்டச் சென்னாங்க தானே."

"காட்டி? அந்தப் புள்ளயும் நான் வாசிச்சதத்தான் வாசிப்பா. ஒரு நாள் போகும், வேன் எண்ண போகும். நாளைக்கு ரெண்டு வள்ளம் வருது, கட்டா."

"எனக்குப் பயமா இரிக்கி. உள்ளுக்கு ஏதோ அரையிற மாதிரி."

"மைனஸுக்கு அரையிறதுக்கு என்ன இரிக்கி?"

அவள் ஆணத்தை ஊற்றினாள். பிறகு அசருக்குத் தொழுதுவிட்டு மகனுக்கு வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பினாள். வெளிச்சம் காணாமல் படம் மங்கலாக வந்தது. அஸ்ஜத் வேலைத்தலத்தில் நின்றபடி குரல் செய்தி போட்டான். பின்னால் பெரிய மெசின் சத்தம். "உம்மா, படம் தெளிவில்ல. வாப்பா பாத்திட்டாரு தானே? வாப்பா சென்னா சரி. சல்லி காணாட்டிச் செல்லுங்க, அனுப்புறன்." கமீலா அதை இரண்டு தரம் கேட்டாள். மூன்றாம் தரம் மஸாஹிர் கேட்கும்படி போட்டாள். "பாத்தியா," என்றார் அவர், "மகனும் என்ன நம்புறான்."

இன்னொரு நாள் கதிரவேலு அவரைத் தனியே கூப்பிட்டான். லொறிக்குத் தார்பாய் கட்டிக்கொண்டே சொன்னான்:

"மொதலாளி கோவிக்காதீங்க. எங்கட ஊர்ல ஒரு மனுசிக்கு இப்பிடித்தான் மைனஸ் எண்டு வந்திச்சாம். அது எலும்பு கொறஞ்சு போன கணக்காம். சிலாபத்தில டொக்டர் சென்னாராம். மைனஸ் கூடக் கூடக் கூடாதாம்."

"மைனஸ் கூடுமா கதிரவேலு? மைனஸ் கூடினா அதுக்குப் பேர் பிளஸ்."

"எனக்கு அது தெரியாது. ஒருக்காக் கேட்டுப் பாருங்களன்."

"நீ லொறியப் பாரு. நான் ரிப்போட்டப் பாக்கிறன்."

சொல்லிவிட்டு வந்தார். ஆனால் அன்று பின்னேரம் அலுமாரியைத் திறந்து கவரை எடுத்தார். சிவப்பையும் புள்ளியையும் மறுபடி பார்த்தார். அப்படியே திருப்பி வைத்து, அலுமாரிச் சாவியைத் தன் இடுப்புப் பட்டியில் போட்டுக்கொண்டார். வேறு யாரும் அதை எடுத்துப் பார்த்துக் குழம்ப வேண்டாம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். சீசன் முடியட்டும். பங்குனி கடைசியில் கூட்டிக்கொண்டு போகலாம். எலும்பு எங்கே போய்விடப்போகிறது.

*

ரிப்போர்ட் வந்த நாற்பத்தோராம் நாள் கமீலா நாலாவது தொட்டியின் அடிமீனை எடுத்துக்கொண்டிருந்தாள். கூடை நிறைந்து சுவர்மேல் இருந்தது. மூச்சை உள்ளே இழுத்தாள், தூக்கினாள், திரும்பினாள்.

சத்தம் எல்லாருக்கும் கேட்டது. நன்றாகக் காய்ந்த கருவாட்டைக் கையால் ஒடித்தால் வருகிற சத்தம். அந்த வாடியில் நாள் முழுக்கக் கேட்கிற சத்தமாதலால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மஸாஹிர் மட்டும், கருவாடு ஒடிவது அவருக்கு நட்டமாதலால், திரும்பினார்.

கமீலா பாதி குனிந்தபடி நின்றாள். கூடை இன்னும் கையில். கண் திறந்திருந்தது, வாயும் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

"கூடைய மெதுவா வை," என்றார் மஸாஹிர். "மணல்ல கொட்டிறாத."

அவள் வைக்கவில்லை. வைக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. ஹஃபீலாதான் ஓடிவந்து கூடையைப் பிடுங்கினாள். கூடை போனதும் கமீலா மணலில் பக்கவாட்டாகச் சரிந்தாள். அதற்குப் பிறகு சத்தம் வந்தது. அது நிற்கவில்லை.

"நடிக்கிறாவா நானா?" என்று ஹஃபீலா கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

திரீவீலில் ஏற்ற முயன்றார்கள். காலைத் தொட்டதும் அலறினாள். கடைசியில் காயப்போடும் தட்டி ஒன்றின் கருவாட்டை மணலில் உதறிவிட்டு, அவளை அந்தத் தட்டியிலேயே கிடத்தி, கதிரவேலுவின் லொறியில் கருவாட்டு மூடைகளுக்கு நடுவில் வைத்தார்கள். பாலாவி வரை பாதை பள்ளமும் மேடும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கமீலா அல்லாஹ்வைக் கூப்பிட்டாள். கதிரவேலு வேகத்தைக் குறைத்தான். மஸாஹிர் மூடைகளுக்கு நடுவில் குந்தியிருந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ட முதுக எடுத்திடுங்க," என்றாள் அவள். "எடுத்து வெளிய போடுங்க."

"பேசாத புள்ள."

"மைனஸ் எண்டீங்களே."

மஸாஹிர் அவளுடைய உப்புப் பூத்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்தார். கை சூடாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கையை அப்படி அவர் பிடித்தது அதுதான் முதல் தரம் என்று தோன்றியது. அல்லது முதல் தரமாக அது வேலை செய்யாமல் இருந்தது.

*

புத்தளத்தில் எக்ஸ்ரே எடுத்தாயிற்று. டொக்டர் முஃபீதா படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினாள். கட்டிலில் கமீலா ஊசி போட்ட மயக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். மஸாஹிர் கவரை நீட்டினார். வரும் வழியில் வீட்டில் லொறியை நிறுத்தி அலுமாரியிலிருந்து எடுத்து வந்திருந்தார், மடிக்காமல்.

டொக்டர் பிரித்தாள். வாசித்தாள். திகதியைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"இது வந்து எத்தின நாள்?"

"ஒரு மாசம் இரிக்கும்."

"ஏன் கொண்டு வரல்ல?"

"நெகடிவ் தானே டொக்டர். மைனஸ் போட்டிருந்திச்சி. அதால..."

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. "ஆர் வாசிச்ச?"

"நான் தான்."

"டீ ஸ்கோர் எண்டா, நல்ல கெட்டியான எலும்பு உள்ள முப்பது வயசுப் பொம்புளையோட இவங்கட எலும்ப வச்சிப் பாக்கிறது. சமமா இருந்தா பூச்சியம். அவளவிட எவ்வளவு கொறஞ்சு போயிரிக்கோ அதுதான் மைனஸ். ஒண்டு வரைக்கும் பரவாயில்ல. ரெண்டரயும் அதுக்குக் கீழயும் எண்டா ஒஸ்டியோபொரோசிஸ், எலும்பு மெலிஞ்சு ஓட்டயாகின வருத்தம். இவங்களுக்கு மூணு தசம் நாலு. வருத்தத்துட பேரயும் கீழ பெருசா எழுதிக் குடுத்திரிக்காங்க. செகப்பில புள்ளியும் வச்சிரிக்காங்க. நீங்க என்ன தொழில் செய்றீங்க?"

"யாவாரம்."

"ஒங்கட கொப்பியில மைனஸ் விழுந்தா, மொதலாளி, நீங்க அல்ஹம்துலில்லாஹ் சென்னீங்களா?"

மஸாஹிர் வெளிச்சப் பெட்டியைப் பார்த்தார். எலும்புகள் செங்கல் அடுக்கின மாதிரி வரிசையாக இருந்தன. இரண்டு செங்கல் மட்டும் முன்பக்கம் நசுங்கி, ஆப்பு மாதிரி கூர்ந்திருந்தன.

"எல் ஒண்டும் எல் மூணும்," என்றாள் டொக்டர். "கொம்ப்ரஷன் ஃபிரக்சர்."

கொம்ப்ரஷன் அவருக்குத் தெரிந்த சொல். ஒரு நிமிஷம் உயிர் வந்தது. "வேன் எஞ்சின்ல கொம்ப்ரஷன் போனா ரிங் மாத்துவாங்க டொக்டர். அது மாதிரி ஏதும்..."

"இதுக்கு மாத்த ரிங் இல்ல. ஸ்கேன் எடுத்த அண்டைக்கு இந்த எலும்பு மெலிஞ்சுதான் இருந்திச்சி, ஒடைஞ்சிருக்கல்ல. மருந்து இருந்திச்சி. நோவுக்கும் எலும்புக்கும். அண்டைக்கே கொண்டுவந்திருந்தா தொடங்கியிருப்பம். இப்பவும் தொடங்குவம், மிச்சமிரிக்கிற எலும்புக்கு. நடப்பாங்க, வாக்கர் புடிச்சி. நிமிர்ந்து நிக்கிறது கஷ்டம்." பேனையை எடுத்தாள். "இந்த ரிப்போட்டுக்குப் பொறகு பாரம் தூக்கினாங்களா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம் எண்டா எவ்வளவு? நான் எழுதணும்."

அவர் வாயைத் திறந்தார். கொஞ்சம் என்றே மறுபடி சொல்லியிருக்கலாம். ஆனால் அளவு கேட்டால் அளவு சொல்கிற வாய் அது. கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, விரல் மடக்காமல், சந்தையில் நிற்கிற மாதிரி நின்று கணக்குப் போட்டார்.

"நாப்பத்தொரு நாள். ஆறு வெள்ளிக்கிழம, ஜும்ஆ நாள், வாடி பூட்டு. முப்பத்தஞ்சு நாள். ஒரு நாளைக்கு எட்டுக் கூடை. எரநூத்தி எம்பது கூடை. கூடை ஒண்டு ஈர மீன் பதினஞ்சு கிலோ." நிறுத்தினார். "நாலாயிரத்தி எரநூறு கிலோ."

டொக்டரின் பேனை எழுதவில்லை.

கட்டிலிலிருந்து கமீலாவின் குரல் வந்தது. கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"ரெண்டு ஜும்ஆவுக்கு வள்ளம் வந்திச்சே. தொறந்தீங்களே. அத நீங்க சேக்கல்ல."

மஸாஹிர் அவளைப் பார்த்தார். பிறகு டொக்டரைப் பார்த்தார்.

"பதினாறு கூடை," என்றார். "எரநூத்தி நாப்பது. நாலாயிரத்தி நானூத்தி நாப்பது."

"ஓம்," என்றாள் கமீலா. "இப்ப சரி."